குளியலறைக் கண்ணாடிக் கதவு: தேர்வும் பொருத்துதலும் பராமரிப்பும்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் முவாலிம் மாவட்டத்தைச் சேர்ந்த சிலிம் ரிவர் வட்டாரத்தில், ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு இடம்விட்ட காலத்திற்குப் பிறகு லயன் வீடுகளை விட்டுத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் பல. குழாயடியிலும் சிமெண்டுத் தொட்டியருகிலும் மொண்டு ஊற்றிக் குளித்த பழக்கம் அவர்களோடு வந்தது. தாமான் வீடுகளில் குளிக்குமிடமும் கழிப்பிடமும் பெரும்பாலும் ஒரே சிறிய அறைக்குள் அமைவதால், ஒருவர் குளித்து முடித்ததும் தரை முழுவதும் நனைந்துவிடுகிறது. அடுத்து நுழையும் முதியவருக்கு அந்த ஈரமே பெரிய ஆபத்து. ஈரப்பகுதியையும் உலர்பகுதியையும் பிரித்து நிறுத்துவதுதான் கண்ணாடித் தடுப்பின் உண்மையான பயன். அழகு அதற்கு அடுத்ததே.

குளியலறைக்கு ஏற்றது டெம்பர்ட் கண்ணாடி எனப்படும் பதப்படுத்திய கண்ணாடியாகும். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியசுக்கும் மேலாகச் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பாய்ச்சி விரைந்து குளிரவைக்கும்போது மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னர் ஆறிச் சுருங்க முனைந்து மேற்பரப்பை இழுத்து அமுக்குகிறது. அந்த அமுக்கமே சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ 4 மடங்கு வலிமையைத் தருகிறது. உடைந்தாலும் அது கத்திபோன்ற நீண்ட சில்லுகளாகாமல் சிறு கட்டிகளாக உதிர்கிறது. ஆனால் மேற்பரப்பின் அமுக்கத்துக்கும் உட்பகுதியின் இழுப்புக்கும் இடையிலான சமநிலை காரணமாகவே, பதப்படுத்திய பிறகு அதை அறுக்கவோ துளையிடவோ ஓரத்தைத் தேய்த்துக் குறைக்கவோ இயலாது. கீல், கைப்பிடி ஆகியவற்றுக்கான துளைகள் எல்லாம் உலைக்குச் செல்லும் முன்பே இடப்பட வேண்டும். கண்ணாடியின் மூலையில் தரநிலையைக் குறிக்கும் அழியாத முத்திரை உள்ளதா என்று வாங்குபவர் பார்த்துக்கொள்வது நல்லது. உற்பத்தியின்போது உள்ளே தங்கிவிடும் நிக்கல் சல்பைடு என்னும் நுண்துகள் காலப்போக்கில் பருமன் கூடி, யாரும் தொடாதபோதே கண்ணாடியை நொறுக்கிவிடக்கூடும். இது அரிது. எனினும் கண்ணாடியை மீண்டும் சூட்டில் வைத்துச் சோதித்து, குறையுள்ளவற்றை ஆலையிலேயே உடைத்துக் கழிக்கும் முறை உண்டு. விற்பவரிடம் அதைக் கேட்பதில் தவறில்லை.

கனத்தைத் தேர்வு செய்கையில் எடையையும் கணக்கிட வேண்டும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2.5 கிலோ எடை கொள்கிறது. ஆகவே 70 சென்டிமீட்டர் அகலமும் 190 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கதவு 8 மில்லிமீட்டர் கனமானால் ஏறத்தாழ 27 கிலோ, 10 மில்லிமீட்டரானால் 33 கிலோ. இத்தனை எடையையும் சுவரில் பதித்த இரண்டு கீல்கள் தாங்கவேண்டியிருப்பதால், தட்டிப் பார்க்கும்போது உள்ளீடற்ற ஓசை தரும் ஓடுகளின் மீது அவற்றைப் பொருத்துவது கூடாது. கீல் கதவு வெளிப்புறமாகத் திறப்பதே பாதுகாப்பானது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் உட்புறம் திறக்கும் கதவை அவரது உடலே தடுத்துவிடும். திறக்க இடமில்லாத அறைக்கு நழுவுகதவு பொருந்தும், எனினும் அதன் கீழ்ப்பள்ளத்தில் அழுக்கு தேங்கும். மிகச் சிறிய அறைகளுக்கும் வாளி வைத்துக் குளிப்பவர்களுக்கும் கதவே இல்லாத ஒற்றை நிலைத்தகடு போதுமானது. விலை குறைவதோடு பழுதாகும் உறுப்புகளும் இல்லாததால், பல வீடுகளுக்கு இதுவே சிறந்த தேர்வாகும். குளிர்நாடுகளின் வழக்கத்தைப் பின்பற்றிக் கூரைவரை அடைக்கும் கூண்டு இங்கே தேவையற்றது. வெப்பத்தைத் தேக்க வேண்டிய கட்டாயம் இல்லாத, ஈரம் மிகுந்த இந்தப் பருவநிலையில் மேலே இடைவெளி விட்டுக் காற்றோட்டம் தருவதே முறை.

பொருத்தும் வேலையில் முதலில் ஆராய வேண்டியது தரையின் சரிவு. தரை வடிகால் கழிப்பிடத்தின் பக்கம் இருந்தால், கண்ணாடிக்கும் அடித் திண்டுக்கும் பின்னால் நீர் தேங்கிவிடும். குளிக்கும் பகுதிக்குள்ளேயே ஒரு வடிகாலை அமைத்து, அதை நோக்கித் தரையைச் சரித்த பின்னரே கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். ஓடு பதித்து முடிந்த சுவர்களுக்கிடையே மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, தூக்குக்குண்டால் செங்குத்தையும் பார்க்க வேண்டும். கட்டுமானத்தில் சுவர்கள் சற்றுச் சாய்ந்திருப்பது சாதாரணம், அறுக்க முடியாத கண்ணாடியோ அந்தச் சாய்வுக்கு இசையாது. ஓட்டைத் துளையிடும்போது ஒட்டுநாடாவை ஒட்டி, சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளைப்பது விரிசலைத் தவிர்க்கும். டெம்பர்ட் கண்ணாடியின் முகப்பு உரமானது, விளிம்போ மென்மையானது. ஆகவே அதைத் தரையோட்டின் மீது நேரடியாக நிறுத்தாமல் அட்டையின் மீதோ மரத்துண்டின் மீதோ நிறுத்த வேண்டும். மூலை ஒருமுறை கல்லில் தட்டினாலும் முழுத்தகடும் பொடியாகிவிடக்கூடும்.

இணைப்புகளை அடைக்கும் சிலிக்கோன் பசையில், காயும்போது புளிப்பு வாசனை வீசும் வகையை விட்டு, உலோகத்தை அரிக்காத நடுநிலை வகையைப் பூஞ்சை எதிர்ப்புத் தன்மையுடன் தேர்ந்தெடுப்பது உகந்தது. சட்டகம் உள்ள தடுப்பானால் பசையை வெளிப்புறத்தில் மட்டும் இடுவது பலரும் கவனிக்காத நுணுக்கமாகும். சட்டகத்துக்குள் புகுந்த நீர் உள்பக்கமாக வடிந்துபோக வழி வேண்டும், இருபுறமும் அடைத்தால் அது உள்ளேயே தங்கிச் சட்டகத்தைக் கெடுத்து, கடைசியில் வெளியே கசியும். பசை இட்டபின் குறைந்தது ஒரு நாள் குளிக்காமல் காயவிட வேண்டும்.

பராமரிப்பின் பெரும்பகுதி, குளித்து முடித்ததும் ரப்பர் பட்டைத் துடைப்பானால் மேலிருந்து கீழாக நீரை வழித்துவிடுவதிலேயே அடங்கியிருக்கிறது. கண்ணாடியில் படியும் வெண்படலம், நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து காய்ந்து ஒட்டுவதாலும், அது சோப்பின் கொழுப்போடு சேர்வதாலும் உண்டாகிறது; ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்குபோலச் சுண்ணாம்புப் பாறை மிகுந்த நிலத்தின் கிணற்றுநீரில் இது அதிகம். சம அளவு நீர் கலந்த காடியைத் துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒற்றிவைத்துத் துடைத்தால் படலம் கரையும். ஆனால் ஈப்போ வட்டாரத்தில் வெட்டியெடுக்கப்படும் பளிங்கைத் தரைக்குப் பதித்திருப்பவர்கள் காடியைச் சிந்தவிடக்கூடாது, ஏனெனில் பளிங்கும் அதே சுண்ணாம்புப் பொருளால் ஆனது, அமிலத்தில் அதன் மெருகு அழியும். எந்த அமிலத்தையும் பிளீச்சுடன் கலப்பது நச்சுவாயுவான குளோரினை வெளியிடும். இரும்புநாரும் மணல் கலந்த தூளும் கண்ணாடியில் கீறலை விடுவதால் அவற்றை அறவே ஒதுக்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை கீல் திருகுகள் தளர்ந்துள்ளனவா, கதவு தொங்கித் தரையை உரசுகிறதா என்று பார்த்துத் திருத்த வேண்டும். கருத்துப்போன பசையைச் சுரண்டியெடுத்துப் புதிதாக இடலாம், ஆனால் விளிம்பில் சிறு சில்லு பெயர்ந்த தகட்டைப் பசையால் ஒட்டிப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும்.