ஓரி வீழ்ந்தான்! கொல்லிமலை யாருக்குப் போனது?

காரவள்ளியில் இருந்து மலை ஏறுகிறது, பஸ். எழுபது கொண்டை ஊசி வளைவுகள்! அவற்றைத் தாண்டினால், கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் இந்த மலையில், ஊர்களுக்கு "நாடு" என்று பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டனி நாடு என்று அழைக்கிறார்கள்.

இந்த நாடுகளுக்கு எல்லாம் ஒரு காலத்தில் ஒரே தலைவன் இருந்தான். அவன்தான், வல்வில் ஓரி.

ஒரே அம்பு!

ஓரி, சங்க காலத்துக் குறுநில மன்னன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். "வல்வில்" என்றால் வலிமையான வில்.

அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தியது. புலியைத் துளைத்தது. மானை உருட்டியது. பன்றியைச் சாய்த்தது. கடைசியில் புற்றில் இருந்த உடும்பின் உடலில் போய்த் தங்கியது! புறநானூற்றில் இப்படிப் பாடி இருக்கிறார், வன்பரணர் என்ற புலவர்.

பாணர்கள் தன் பெயரைச் சொல்லிப் புகழ்ந்ததும் ஓரி வெட்கப்பட்டானாம். அவர்களுக்கு இறைச்சியும் தேனும் பொன்னும் கொடுத்து அனுப்பினானாம்.

வள்ளலைக் கொன்ற வள்ளல்

இப்படிப்பட்டவனைக் கொன்றது யார்? இன்னொரு வள்ளல்!

திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, கொல்லிமலை மீது படை எடுத்தான். போரில் ஓரி மாண்டான். ஓரியின் ஊர்த் தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த பெரும் கூச்சலைக் கபிலர் பாடி இருக்கிறார்.

வென்ற மலையைக் காரி தானே வைத்துக்கொண்டானா? இல்லை. சேரனுக்குக் கொடுத்துவிட்டான்!

அடுத்து யார்?

காரியின் வாழ்வும் நிலைக்கவில்லை. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, திருக்கோவலூரைத் தாக்கி வென்றான். தகடூர் என்பது இன்றைய தருமபுரி.

இந்த அதியமான் கற்பனை அல்ல. திருக்கோவலூர் பக்கத்தில் உள்ள ஜம்பை என்ற ஊரில், அவன் பெயர் பொறித்த பழைய கல்வெட்டு 1981-ல் கண்டுபிடிக்கப்பட்டது.

பிறகு, பெருஞ்சேரல் இரும்பொறை என்ற சேர மன்னன் கிளம்பினான். கொல்லிமலைப் பகுதியிலேயே அதியமானைத் தோற்கடித்தான். தகடூரையும் அழித்தான்.

ஓரி போனான். காரி வீழ்ந்தான். அதியமானும் தோற்றான். மூன்று தலைவர்களும் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். லாபம் அடைந்தது, சேரன்!

ஐரோப்பாவிலும் இதே கதை

சேரனின் ஊரான கரூரில் ரோமாபுரிக் காசுகள் கிடைத்து இருக்கின்றன. அந்த ரோமாபுரியும் இதே வழியில்தான் பிற நாடுகளை விழுங்கியது.

கி.மு. 57-ல் ரோமாபுரித் தளபதி ஜூலியஸ் சீசர், ஐரோப்பாவின் வடமேற்குப் பகுதியில் வாழ்ந்த "பெல்கே" மக்கள் மீது படை எடுத்தான். அவர்களில் பல குலங்கள் உண்டு. "ரெமி" என்ற குலம் சீசரோடு சேர்ந்துகொண்டது. "நெர்வி" என்ற குலம் பணிய மறுத்து, ஆற்றங்கரையில் கடுமையாகப் போரிட்டது.

போருக்குப் பிறகு, 60 ஆயிரம் வீரர்களில் 500 பேர்தான் மிஞ்சினார்கள் என்று சீசர் எழுதி வைத்தான். ஆனால் மூன்றே ஆண்டுகளில் அதே நெர்வி மக்கள் மீண்டும் படை திரட்டி வந்தார்கள்! வென்றவன் சொன்ன கணக்கு அது.

கடைசியில் பெல்கே மக்களின் நாடு ரோமாபுரியின் வசமானது. ஆனாலும் அவர்களின் பெயர் அழியவில்லை. பெல்ஜியம் என்ற நாட்டின் பெயரில் இன்றும் வாழ்கிறது.

பெயர் யாருக்கு?

கொல்லிமலையிலும் அப்படித்தான். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதம் வந்தால் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள்.

மலையைப் பெற்றவன், சேரன். மலை மக்களின் மனத்தைப் பெற்றவன், ஓரி!