எஞ்சின் கிடைக்கும், கண்ணாடி ரப்பர் கிடைக்காது

செஞ்சிக்கோட்டையின் உதிரிபாகங்கள் சில புதுச்சேரிக் கடற்கரையில் நிற்கின்றன. காந்தி சிலையைச் சுற்றியுள்ள கருங்கல் தூண்களைத்தான் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து போனவை அவை. 2025 ஜூலையில் மராட்டியர் தொடர்புள்ள 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பிடித்தது செஞ்சி மட்டும். இப்படிப்பட்ட இடங்களில் இல்லாத தூணுக்குப் பதிலாகப் புதுத்தூண் நிறுத்தலாமா என்று கேட்டால், நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் நிபந்தனையோடு சம்மதிக்கிறது. புதியது பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் உற்றுப் பார்ப்பவருக்கு அது புதியது என்று தெரியவும் வேண்டும்.

பழைய கார்களுக்கும் இதே சட்டம்தான். பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாக வைத்து 2013இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. புதிதாகச் செய்த பாகத்தில் அழியாத அடையாளம் இருக்க வேண்டும் என்கிறது அது. சரி, அந்தப் பாகத்தை எதைப் பார்த்துச் செய்வது?

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வியை எழுப்பும் கார் ஒன்று உண்டு. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வந்து ஜி.எஸ்.டி. சாலையில் சென்னைக்குப் போகிறவர்கள் அது பிறந்த வண்டலூர்ப் பக்கத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அங்கே ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் அது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி.

இந்தக் காரின் உடலமைப்பு ஒரு வியாபாரச் சண்டையின் விளைவு. ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்கு உடல் தகடுகளை அழுத்தித் தந்துகொண்டிருந்த ஆலையை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாக அழுத்தித் தர ஆளில்லை. ஆகவே தனிச் சட்டகம் ஒன்றைச் செய்து, அதன்மேல் கூரை, பக்கத் தகடு, பின்பகுதி என்று துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைய கார் உலகம் ஒற்றைக் கூட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது இது பின்னோக்கிய அடி என்றே தோன்றியிருக்கும். ஆனால் பெட்டிகளில் அடைத்துக் கப்பலேற்றி, போன இடத்தில் பூட்டிக்கொள்ள இதைவிட வசதியான கார் இல்லை. பிரிட்டனில் பிற்பாடு ஸ்பார்டன், ஜென்ட்ரி போன்ற கிட் கார்கள், அதாவது வாங்கியவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும் கார்கள், ஹெரால்டின் சட்டகத்தின்மேல் எழுந்ததும் இதனால்தான்.

பிரிட்டனில் ஹெரால்டு 1971இல் நின்றுபோனது. இங்கே வேறு பாதை. 1968இல் வந்த மார்க் 3க்கு நான்கு கதவுகள். அப்படியொரு ஹெரால்டு வேறு எந்த நாட்டிலும் கிடையாது. அடுத்து 1972இல் கெஸல் வந்தது. எஞ்சின் அதே 948 சி.சி.தான். ஆனால் முகப்புக் கிரில் வேறு, பின்பக்கம் தனித்தனியாக ஆடும் அச்சுக்குப் பதிலாக முழு அச்சு. ஐந்து ஆண்டுகளில் அதுவும் நின்றது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கெஸலுக்கு பிஸ்டன், பேரிங், கேஸ்கட் வேண்டுமென்றால் இங்கிலாந்தில் இன்றும் விற்கிறார்கள். பின்கதவும் கிரில்லும் வண்டலூரில் மட்டுமே பிறந்தவை. சென்னைப் புதுப்பேட்டையின் காயலான் கடைகளில் கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் உலகத்திலேயே இல்லை.

ஆனால் காணாமல் போன பாகம் தன் அளவுகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகிறது. கதவு போயிருக்கலாம், கீல் உட்காரும் துளைகள் தூணில் இருக்கும், கதவு மோதி மோதி மழுங்கிய விளிம்பு தெரியும், பெயின்ட் படாத நிழலில் ரப்பரின் அகலம் பதிந்திருக்கும். வலது கதவு இருந்தால் வேலை பாதியாகிறது. ஒளி ஸ்கேனரால் அதன் மேற்பரப்பை லட்சக்கணக்கான புள்ளிகளாகப் பதிவுசெய்து, கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் இடது கதவு தயார். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஜே லெனோ, தன் 1907ஆம் ஆண்டு ஒயிட் நீராவிக் காரின் ஊட்டுநீர்ச் சூடாக்கியை 2009இல் இப்படித்தான் மீட்டார். ஸ்கேன் செய்து, பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, அதை மாதிரியாக வைத்து உலோகத்தில் வார்த்தார்கள்.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஸ்கேனர் இல்லாவிட்டாலும் ஈரமணல் உண்டு. பழைய அலுமினியப் பாகத்தையே மணலில் பதித்து வார்த்துவிடலாமே என்று முதலில் தோன்றும். உருகிய அலுமினியம் குளிர்ந்து இறுகும்போது நீளத்தில் சுமார் 1.3 சதவீதம் சுருங்கும். 300 மில்லிமீட்டர் பாகம் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் குட்டையாக வரும். துளைகள் எதுவும் பொருந்தாது. வார்ப்புக்காரர்கள் இதற்கென்றே சற்று நீட்டிய கோடுகள் கொண்ட அளவுகோல் வைத்திருக்கிறார்கள்.

மரையிலும் இதே தொல்லை. ஹெரால்டின் 5/16 அங்குல போல்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர். இன்றைய 8 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு அதன் இரட்டைப்பிள்ளை. ஆனால் முன்னதில் மரைகளுக்கிடையே 1.06 மில்லிமீட்டர், பின்னதில் 1.25. இரண்டு சுற்று ஏறும், அதற்கு மேல் ஸ்பானரை அழுத்தினால் மரை போய்விடும். டிங்கர் வேலையில் கெட்டதைவிட அவசர போல்ட்டுகளால் கெட்ட பழைய கார்கள் அதிகம் என்பது என் சந்தேகம்.

இதுவரை சொன்னது வடிவம். வடிவத்தை அளந்துவிடலாம், பொருளின் குணத்தை அளப்பதுதான் சிரமம். கண்ணாடியைச் சுற்றிய ரப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள ஓசோன், இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கி அறுக்கிறது. இழுபட்ட இடமெல்லாம் வெடிப்பு விழுகிறது. மிஞ்சிய துண்டைப் பார்த்துப் புதியதைச் செய்தால், சுருங்கி விறைத்துப்போன கிழட்டு ரப்பரின் அளவும் கடினமும்தான் கிடைக்கும். ஆகவே கண்ணாடியின் தடிமனையும் தகட்டு விளிம்பையும் அளந்து, இடைவெளியிலிருந்து ரப்பரைக் கணக்கிட வேண்டும். இன்று ஓசோனுக்கு அசையாத இ.பி.டி.எம். ரப்பர் இருக்கிறது, அதில் செய்வதே புத்திசாலித்தனம். அசலில் இல்லாத பொருள் என்று முகம் சுளிப்பவர்கள் மழையில் ஓட்டிப் பார்க்கட்டும்.

கதவுக் கைப்பிடிகள் துத்தநாகக் கலவையில் வார்த்து, செம்பு, நிக்கல், குரோம் பூசியவை. பூச்சிலுள்ள நுண்துளை வழியாக ஈரம் இறங்கினால், உள்ளேயிருக்கும் துத்தநாகம் நிக்கலைக் காப்பாற்றித் தான் கரையும். மேலே கொப்புளங்கள் கிளம்பும். கொப்புளத்தின்மேல் மறுபடி குரோம் ஏற்றிப் பயனில்லை. பூச்சை உரித்து, குழிகளைச் சுரண்டி, செம்பால் நிரப்பித் தேய்த்த பிறகே அடுத்த வேலை.

எல்லாம் முடிந்து ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால் இன்னொரு சோதனை. 2021ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வாகனம் விண்டேஜ் ஆகும், பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஆனால் சட்டகத்தையோ உடற்கூட்டையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. போல்ட்டால் பூட்டிப் பிறந்த காரில் பழுது எங்கே முடிகிறது, மாற்றம் எங்கே தொடங்குகிறது என்பது நல்ல விவாதம்.

எந்தக் காயலான் கடையிலும் கிடைக்காத பாகம் ஒன்றும் மிச்சமிருக்கிறது: அந்தக் காலத்துப் பெட்ரோல். ஈயம் கலந்த பெட்ரோல் எரியும்போது படியும் ஈயச் சேர்மங்கள் வால்வு உட்காரும் விளிம்பைத் தேயாமல் காத்தன. 2000ஆம் ஆண்டோடு இந்தியாவில் அது நின்றது. ஆகவே எஞ்சின் தலையைக் கழற்றும்போதே, கடினப்படுத்திய இரும்பு வளையங்களை வால்வு இருக்கைகளில் பொருத்திவிடுவது நல்லது. இப்போது பங்க்கில் ஊற்றுவது 20 சதவீத எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய எரிபொருள் குழாய்களை உப்ப வைக்கும். ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டரின் துத்தநாக உடலை அரிக்கும். குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் ஃப்ளூரோ ரப்பருக்கு மாற்றிக்கொண்டு, ஐப்பசி கார்த்திகை மழை மாதங்களில் காரை நிறுத்திவைப்பதானால் டாங்கியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.