காய்ச்சல் வந்தால் வாக்கிங்குக்கு மட்டும்தான் லீவா?

சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி என்று எதற்காக டாக்டரிடம் போனாலும், "தினமும் நடங்கம்மா" என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தமிழக அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல விஷயம்தான். காலையில் மைதானத்துப் பக்கம் போனால், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கிற பெண்களைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால், உடம்பு சரியில்லாத நாளில் நடக்கலாமா, கூடாதா என்பதில் மட்டும் ஆளுக்கொரு நியாயம் வைத்திருக்கிறோம். "நல்லா வேர்க்க வேர்க்க நடந்தா ஜுரம் தானா விட்டுடும்" என்பார் ஒருவர். "ரெண்டு தும்மல் போட்டாலே இழுத்துப் போர்த்திப் படுத்துடணும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை.

இதற்கு டாக்டர்கள் ஒரு சுலபமான கணக்குச் சொல்கிறார்கள். கழுத்துதான் எல்லை. மூக்கு ஒழுகுதல், தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு என்று தொந்தரவு கழுத்துக்கு மேலேயே இருந்தால், மெதுவாக 15, 20 நிமிடம் நடக்கலாம். நடக்கும்போது சோர்வு கூடினால் திரும்பிவிட வேண்டும். யோகா வகுப்பு, ஜிம் போன்ற கூட்டமான இடங்களுக்குப் போய் மற்றவர்களுக்கும் சளியைப் பங்கு வைக்க வேண்டாம். நெஞ்சுச் சளி, இழுப்பு, வயிற்றுப்போக்கு, வாந்தி என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓய்வுதான். காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தால் கேள்வியே வேண்டாம், படுக்கைதான்.

ஏன் என்றால், காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். படுத்திருக்கும்போதே இதயம் கூடுதலாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அதன் மேல் நாம் வேகவேகமாக நடந்தால் சுமை இன்னும் ஏறும். உடம்புச் சூடும் நீர் வற்றுவதும் அதிகமாகும். காய்ச்சல் இறங்கும்போது தானாக வேர்க்கிறதே தவிர, நாம் வேர்க்க வைப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை. சில வைரஸ் காய்ச்சல்களில் இதயத் தசையே வீங்கிவிடுவது உண்டு. அபூர்வம்தான் என்றாலும், அந்த நேரத்தில் கடுமையாக உடற்பயிற்சி செய்வது உயிருக்கே ஆபத்து. மாத்திரை போட்டு ஜுரத்தை அடக்கிவிட்டு நடக்கக் கிளம்புவதும் கூடாது.

மழைக்காலத்தில் டெங்கு வேறு பயமுறுத்துகிறது. அதில் காய்ச்சல் விட்டதும் 'சரியாப் போச்சு' என்று எழுந்துவிடக் கூடாது. 3ஆம் நாளிலிருந்து 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், தலைசுற்றல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இதெல்லாம் வாக்கிங்கைப் பற்றிய பேச்சு. நான் கேட்க வந்தது வேறு.

2024 ஐப்பசி மழையில் எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு 102 டிகிரி காய்ச்சல். "நான் மூணு நாளா வாக்கிங்கே போகலை, ரெஸ்ட்லதான் இருக்கேன்" என்றார். அந்த மூன்று நாளும் விடியற்காலையில் எழுந்து இட்லி ஊற்றி, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டி, மாமியாருக்குத் தனியாகக் கஞ்சி வைத்து, குழாயில் தண்ணீர் பிடித்து மாடிக்குத் தூக்கியிருக்கிறார். நாலாம் நாள் குழாயடியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்று கேட்டார் டாக்டர். இருந்தார்கள், நாலு பேர்!

15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. அதை இடுப்பில் வைத்துப் படியேறுவது உடற்பயிற்சி இல்லாமல் வேறென்ன? ஊறிய துணியை அடித்துத் துவைப்பதும், குனிந்து வீடு பெருக்குவதும், அடுப்புச் சூட்டில் ஒரு மணி நேரம் நிற்பதும் இதயத்துக்கு வேலைதான். மைதானத்தில் நடந்தோமா, வீட்டுக்குள் நடந்தோமா என்று அதற்குத் தெரியாது. வாக்கிங்கை நிறுத்திவிட்டு இத்தனையும் செய்தால் அதற்குப் பெயர் ஓய்வு இல்லை.

இதற்கு வழி, நல்லா இருக்கிற நாளிலேயே வீட்டில் இருப்பவர்களைப் பழக்குவதுதான். குக்கரில் சாதம் வைக்க, ரசம் கூட்ட, வாஷிங் மெஷின் போட ஆண் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். நாம் படுத்த அன்று நாலு பேரும் ரசம் சாதம் சாப்பிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. இல்லையென்றால் தெருமுனைக் கடையில் இட்லி கிடைக்கிறது. நமக்கோ கஞ்சி, மோர், இளநீர் என்று கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள், "சரியாச் சாப்பிடலையே" என்று மாத்திரையைத் தாங்களே நிறுத்தாமல், டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும். காய்ச்சலில் சர்க்கரை ஏறவும் செய்யும்.

"ஒரு வாரம் நடக்கலைன்னா பழைய உடம்பு வந்துடுமே" என்று பயப்படாதீர்கள். ஒரு வார ஓய்வில் பல மாதப் பழக்கம் வீணாகிவிடாது. மாத்திரை இல்லாமலே முழுசாக ஒரு நாள் காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்குகிறது என்றானபின் 10 நிமிடத்தில் ஆரம்பித்து, நாளுக்கு நாள் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்கல் வந்தால் அங்கேயே நிறுத்தி, டாக்டரைப் பாருங்கள்.

பிள்ளைக்கு ஜுரம் என்றால் பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதித் தருகிறோம். நம் சமையலறைக்கு யார் லீவ் லெட்டர் தருவது? நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். என்ன சகோதரிகளே, சரிதானே?

- ஒரு வாசகி