பிரவுன் கலர்ல ஒரு எச்சரிக்கை!

கர்ப்பப்பை உள்சுவர்ல வர்ற கேன்சர் எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சீங்களா? இல்லைங்க, அதுல நாலு ரகம்! 2013-ல் அமெரிக்காவின் 'கேன்சர் ஜீனோம் அட்லஸ்' திட்டம் 373 கட்டிகளின் மரபணுக்களை அலசிச் சொன்ன சேதி இது.

சுரப்பி வடிவம் கலையாம வளர்ந்தா சாது, திட்டுத்திட்டா திரண்டா முரடு. மைக்ராஸ்கோப்பின் பழைய கணக்கு இதுதான். ஆனா, டி.என்.ஏ. நகலில் பிழை திருத்துற 'போல்-ஈ' ஜீன் பழுதான கட்டிகள், பார்க்க முரடா இருந்தாலும் சிகிச்சைக்குப் பிறகு திரும்ப வர்றது அபூர்வம். இத்தனைக்கும் மரபணுப் பிழைகள் எக்கச்சக்கமா இருக்கிறது இந்த ரகத்தில்தான்!

நிஜ வில்லனைக் காட்டிக்கொடுக்கிறது 'பி53' புரோட்டீன். திசுவுக்குச் சாயம் ஏத்தினா, செல்கள் அங்கங்கே லேசா பிரவுன் ஆகிறது நார்மல். கிட்டத்தட்ட எல்லாமே அடர் பிரவுன் ஆனாலும் சரி, கட்டியில் துளிகூட கலர் ஏறலைன்னாலும் சரி... டேஞ்சர்! சிகிச்சையும் தீவிரமாகும். 2023-ல் 'ஃபிகோ' அமைப்பு, நோயின் நிலையைக் கணிக்கிறதிலேயே இந்த டெஸ்ட்களைச் சேர்த்துடுச்சு.

ஆனா, டெஸ்ட்டுக்குத் திசு போனாத்தானே? மாதவிடாய் நின்னுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்கணும். அம்மாகிட்ட, பாட்டிகிட்ட இன்னைக்கே சொல்லுங்க. இதுல என்ன கூச்சம் ஃப்ரெண்ட்ஸ்?