உங்களுக்குத் தெரியுமா? எண்ணூருக்கு வரும் ஆற்றின் கரையில் 15 லட்சம் ஆண்டுக் கோடரி

அனல்மின் நிலையச் சாம்பலைச் சுமந்தபடி எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதன் படுகையில், பூண்டிக்கு அருகே இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். கோடரி என்றால், உள்ளங்கையில் அடங்கும் குவார்ட்சைட் கல். இருபுறமும் செதுக்கி, முனையைக் கூராக்கியிருக்கிறார்கள்.

இங்குள்ள கருவிகளின் வயதை அறிந்த விதம்தான் அருமை. தரைமேல் கிடக்கும் கல்லில் விண்கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 அணுக்கள் உருவாகும். கல் ஆழப் புதைந்ததும் அந்த உருவாக்கம் நின்றுவிடும்; ஏற்கெனவே இருந்தவை வெவ்வேறு வேகத்தில் சிதையும். மிச்சத்தின் விகிதம், கல் புதைந்த காலத்தைச் சொல்லிவிடும். இப்படிக் கணக்கிட்டு, தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட வயது: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

பூமியின் வயதோ 454 கோடி ஆண்டுகள். அதன் கணக்கில் இது நேற்று நடந்தது. ஆனால் நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்படியென்றால், அந்தக் கோடரியைச் செதுக்கியவர்கள் நமக்கு முந்தைய வேறொரு மனித இனம். தமிழகத் தொல்லியல் துறையின் பூண்டி அருங்காட்சியகத்தில் இவ்வகைக் கருவிகளைப் பார்க்கலாம்.