பல் போனால் தாடையும் தேயும்

பாக்குவெட்டியைக் கையாண்டவர்களுக்குத் தெரியும்: பாக்கை நுனியில் வைத்தால் கை வலிக்கும், மூட்டருகே நகர்த்தினால் எளிதில் பிளக்கும். எமது கீழ்த்தாடையும் இந்த விதிக்கே கட்டுப்பட்டது. காதின் முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், அங்கே அசைவதுதான் தாடைமூட்டு. அதற்கு அண்மையில் உள்ளவை கடைவாய்ப் பற்கள். ஆரோக்கியமான ஒருவர் அப்பற்களால் ஏறத்தாழ 50 முதல் 70 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் கடிக்க வல்லவர். முன்பற்களில் அதன் மூன்றிலொரு பங்களவே தேறும்.

இவ்விசையைத் தாங்கும் எலும்பு பனைமரத்தை ஒத்தது. வெளியே வைரம், உள்ளே மென்மை. தாடையின் வெளியோடு இறுகித் தடித்திருக்க, உட்பகுதி கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்திருக்கும். அவ்வோடும் எல்லாத் திசையிலும் ஒரே தன்மையதன்று. நீளவாக்கில் விறைப்பு மிகுதி; குறுக்கே குறைவு.

வடிவமோ குதிரை லாடம். ஒரு பக்கத்தால் மென்றாலும் தாடை முழுவதும் சிறிதளவு வளைந்து முறுகுகிறது. பனிக்காலத்தில் வழுக்கி நாடி நிலத்தில் மோத விழுந்தோர் சிலரை நாம் அறிவோம். அவ்வடி நாடியோடு நிற்பதில்லை. தாடையின் இரு கரங்கள் வழியே ஏறி, மூட்டுக்குக் கீழேயுள்ள மெல்லிய கழுத்தை முறிக்கக்கூடும். அக்கழுத்து முறிவதனால் மண்டையோட்டின் அடித்தளம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆதலால் நாடியில் காயம்பட்டவர் காதின் முன்னே வலித்தால் அதனை வைத்தியரிடம் கட்டாயம் கூறவேண்டும்.

எலும்பு தான் சுமக்கும் பாரத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்பதை பேர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892 இல் நூலாக எழுதினார். தாடைக்கு அப்பாரத்தைத் தருபவை பல்லின் வேர்கள். கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கினால், அது நின்ற எலும்பு மேட்டின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி ஓராண்டுக்குள் கரைந்துவிடுகிறது. அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே. பற்கள் அனைத்தும் போனால் உயரமும் ஆண்டாண்டாகக் குறையும். மரச்சட்டமொன்றின் உயரம் பாதியானால், அகலம் மாறாவிடினும், வளையாது நிற்கும் திறன் எட்டிலொன்றாகிவிடும். 10 மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தேய்ந்த முதியோர் தாடை சிறு விபத்திலும் முறியலாம், பொருத்துவதும் கடினம். ஈறின் மேல் அமரும் பொய்ப்பல் இத்தேய்வைத் தடுப்பதில்லை.

இங்கேதான் சட்டம் குறுக்கிடுகிறது. ஜேர்மனியில் 1993 இல் இயற்றப்பட்ட புகலிடம் கோருவோருக்கான உதவிச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, கடும் நோய்க்கும் வலிக்கும் சிகிச்சை அளிக்கிறது. செயற்கைப் பல்லையோ, மருத்துவக் காரணங்களால் ஒத்திவைக்க இயலாதபோது மட்டுமே அனுமதிக்கிறது. 2024 இல் இக்கட்டுப்பாட்டின் காலம் 18 மாதங்களிலிருந்து 36 மாதங்களாக நீட்டப்பட்டது. சட்டம் வரைந்தோர் பல்லை நகம்போல் எண்ணினரோ என்னவோ! எலும்பு அத்தனை மாதங்கள் காத்திருப்பதில்லை.

வலி நீங்கினால் போதுமென்று பல்லைப் பிடுங்கச் சம்மதிக்குமுன், வேர்ச் சிகிச்சையால் அதனைக் காக்க இயலுமா என எம்மவர் வைத்தியரிடம் கேட்கவேண்டும். மொழி தடையெனில் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். செயற்கைப் பல் தேவைப்படின், ஒத்திவைக்க இயலாமைக்கான மருத்துவக் காரணத்தை வைத்தியரிடம் எழுத்தில் பெற்று, விண்ணப்பத்துடன் சமூகநல அலுவலகத்தில் கையளிக்கலாம்.