காட்டுச் செரி: பட்டை மருந்து, பருப்பு நஞ்சு



நம்ம மலையைப் போலவே இந்தியாவில் டார்ஜிலிங் மலையிலும் தேயிலை விளைகிறது. அந்த இமயமலைப் பக்கத்தில், சுமார் 1200 முதல் 2400 மீற்றர் உயரத்தில், காட்டுச் செரி மரம் தானாகவே வளர்கிறது. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது மரம் முழுக்க இளஞ்சிவப்பாய்ப் பூக்கும். அந்த நேரம் வேறு பூக்கள் குறைவு என்பதால் தேனீக்களுக்கு அதுதான் சாப்பாடு.

ஆயுர்வேதத்தில் இதற்குப் பத்மகம் என்று பெயர். உடம்பு எரிவு, தோல் வியாதி, வாந்தி, இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கான மருந்துகளில் இதைச் சேர்ப்பார்கள். மலைக் கிராமத்துச் சனங்கள் பட்டையை அரைத்து முதுகு வலிக்குப் பற்றுப் போடுவார்கள். புளிப்பான பழத்தையும் தின்பார்கள். இதெல்லாம் பரம்பரை வழக்கம். ஆஸ்பத்திரி மருந்துக்குப் பதிலாக எடுக்கக்கூடாது.

ஆனால் கொட்டைக்குள் இருக்கும் கசப்புப் பருப்பு வேறு விஷயம். அதை மென்றால் சயனைட் என்ற நஞ்சு உண்டாகும். பச்சை மரவள்ளிக் கிழங்கிலும் உண்டாவது இதே நஞ்சுதான். மரவள்ளி அவிக்கும்போது சட்டியை மூடாதே என்று நம்ம அம்மாமார் சொல்வது சும்மா இல்லை.

"அந்த மரம் இங்கே இல்லையே, நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கம் பீச்சஸ், பிளம்ஸ் மரங்கள் உண்டு. அவை செரிக்குச் சொந்தக்கார மரங்கள். அவற்றின் பருப்பிலும் இந்த நஞ்சு இருக்கிறது. லயத்து வாசலில் பிள்ளைகள் கொட்டையைக் கல்லால் தட்டிப் பருப்பைத் தின்பதை நாங்களே பார்த்திருக்கிறோம். கசந்தால் மருந்து என்று நினைப்பது நம்ம பழக்கம். இந்தப் பருப்பு கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும்.

கொட்டையை முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். கடித்துத் தின்றால்தான் ஆபத்து. சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சமும் கூடாது. தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, மூச்சுத் திணறல் வரலாம்.

பிள்ளை பருப்பைத் தின்றுவிட்டால்:

- மிச்சத்தைத் துப்பவைத்து வாயைக் கழுவுங்கள்.
- விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கைமருந்தும் கொடுக்காதீர்கள்.
- அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மிச்சக் கொட்டையையும் எடுத்துப் போங்கள்.
- வாகனம் இல்லாவிட்டால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பழத்தைப் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடட்டும். கொட்டையை மட்டும் வாங்கி எறிந்துவிடுங்கள்.